திண்ணையில் கற்ற கடிதமும் கடன் பத்திரமும்

பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை முதன்முதலாக எழுதும் கடிதம் எது? பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பம்தான். அனுப்புநர், பெறுநர், 'ஐயா, எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று தொடங்கி, 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்' என்று முடியும். காய்ச்சல் இருந்தாலும் சரி, மாமா வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி, வாசகம் மாறாது! அதற்கு அடுத்தது கட்டுரை. பசு, பொங்கல், மரம் வளர்ப்போம் என்று வரிசையாக வரும். பெரும்பாலும் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதோடு அது முடிந்துவிடும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே வயதுப் பிள்ளைகள் என்ன எழுதினார்கள்? உறவினருக்குக் கடிதம் எழுதினார்கள். நெல் அளந்த கணக்கை எழுதினார்கள். இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தத்தை எழுதப் பழகினார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுப் போகும் பையனுக்கு ஒரு கடன் சீட்டை எப்படித் தொடங்கி எப்படி முடிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கே இருந்தது? ஏன் போனது? அந்த எழுத்து யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கான விடை திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றில் இருக்கிறது.

ஐந்து வயதும் ஆற்று மணலும்

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரத்தடியோ போதும். பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் நல்ல நாள் பார்த்துச் சேர்ப்பார்கள். அரிசியிலோ மணலிலோ ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைப்பார். விஜயதசமி அன்று இன்றும் பல வீடுகளில் நடக்கும் சடங்கு இதன் தொடர்ச்சிதான்.

அதன்பிறகு பல மாதங்களுக்கு மணல்தான். தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, விரலால் எழுதி, வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். தவறாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். புதிய பக்கம் தயார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், காசும் வேண்டாம்.

இந்த மணலில் ஓர் ஐரோப்பியரும் எழுதிப் பழகியிருக்கிறார். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்க விரும்பியபோது அவருக்கு இலக்கணப் புத்தகமோ அகராதியோ கிடைக்கவில்லை. வயதான உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தன் பிள்ளைகளோடு வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து மணலில் அ, ஆ எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. பின்னாளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டவர் அவர்தான்.

மணலிலிருந்து ஓலைக்கு

மணலில் கை பழகிய பிறகுதான் ஓலை. பனையோலையை எடுத்து, வேண்டிய அளவுக்கு நறுக்கி, பதப்படுத்தி வைத்திருப்பார்கள். அதில் இரும்பு எழுத்தாணியால் கீற வேண்டும். எழுத்தாணியிலும் குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் உண்டு. கீறியது கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பதால் இலைச் சாறும் விளக்குக் கரியும் கலந்து ஓலைமேல் பூசித் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து பளிச்சென்று தெரியும்.

மணலில் எழுதுவது வேறு, ஓலையில் எழுதுவது வேறு. மணலில் அழிக்கலாம்; ஓலையில் அழிக்க முடியாது. மணலில் விரல் நகரும். ஓலையிலோ இடது கையில் ஓலையைப் பிடித்து, அதை நகர்த்தி நகர்த்தி எழுத வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓலை கிழியும். அதனால்தான் ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை.

புள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 'பல்' என்று எழுதியதும் 'பல' என்று எழுதியதும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய முறையில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் உள்ள வேறுபாடே புள்ளிதான். எனவே 'எரி' என்று ஓலையில் இருந்தால் அது நெருப்பா, தண்ணீர் நிறைந்த ஏரியா என்று வாசிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். துணைக்காலும் ரகரமும் கூட ஏறக்குறைய ஒரே வடிவம்தான்.

அதாவது, ஓலையை வாசிப்பதே ஒரு தனிப் படிப்பு. எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, ஆளுக்கு ஆள் மாறும் கையெழுத்தும் தெரிந்திருக்க வேண்டும்.

என்னென்ன வகை எழுத்து?

திண்ணையில் பிள்ளைகள் கற்றவற்றை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, மனப்பாடத்துக்கான எழுத்து. அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி. அதன்பின் சதகங்கள், நிகண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்லி, பிறகு ஓலையில் எழுதி, தனக்கென்று ஒரு சுவடி சேர்த்துக்கொள்வான். புத்தகக் கடை இல்லாத காலத்தில் பாடப் புத்தகத்தை மாணவனே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது, கணக்கு எழுத்து. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று இதற்கென்றே தனிச் சுவடிகள் இருந்தன. பின்னங்கள் 1/320 ஆகிய முந்திரியில் தொடங்கி அரைக்காணி, காணி, மா என்று மேலே ஏறும். நெல்லுக்கு ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று வேறு வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. இவை இன்று யுனிகோடில் இடம்பெற்றிருந்தாலும், பார்த்தவுடன் இன்னதென்று சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. அன்றோ கணக்கு கற்ற பையனுக்கு இவை தண்ணீர் பட்ட பாடு.

மூன்றாவது, கடிதம். யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விளிக்கும் முறை மாறும். மூத்தவருக்கு ஒரு விதம், இளையவருக்கு ஒரு விதம், அதிகாரிக்கு ஒரு விதம். தலைப்பில் பிள்ளையார் சுழி, பிறகு மரியாதை வாசகம், நலம் விசாரிப்பு, செய்தி, முடிப்பு. இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் அது அவமரியாதை.

நான்காவது, முறி எழுத்து. முறி என்றால் பத்திரம். ஆண்டு, மாதம், தேதி, இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்தது, எவ்வளவு தொகை, என்ன வட்டி, எப்போது திருப்புவது, சாட்சிகள் யார், எழுதியவர் யார். இந்த வரிசையில் எதை விட்டாலும் வழக்கு வரும். நிலமாக இருந்தால் 'மா'வுக்கும் 'அரை மா'வுக்கும் ஒரு குறியீடுதான் வித்தியாசம். அதைத் தவறாக எழுதினாலோ தவறாக வாசித்தாலோ போவது நிலம்!

ஒரு கலெக்டரின் அறிக்கை

இவையெல்லாம் உண்மையிலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்பட்டனவா என்ற சந்தேகம் எழலாம். இதற்கு ஒரு நல்ல சான்று, சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கெடுப்பு. 1822 ஜூனில், மாகாணம் முழுவதும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக் கலெக்டர்களுக்கு அவர் உத்தரவிட்டார்.

வந்த பதில்களில் மிக விரிவானது பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பியது. பெல்லாரியில் தெலுங்கும் கன்னடமும்தான் பாடமொழிகள். இன்று அது கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் அவர் விவரிக்கும் பள்ளி, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். ஐந்து வயதில் சேர்ப்பது, மணலில் எழுதுவது, பிறகு ஓலை, காகிதம், கரி பூசிய பலகை எல்லாம் அதில் வருகின்றன. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழியம். மூன்றாவது வருபவனுக்கு ஒரு மெல்லிய அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகுமாம்! கடைசியில் வருபவன் கதியை நினைத்துப் பாருங்கள்.

பாடத்திட்டத்தைச் சொல்லும் இடத்தில் காம்ப்பெல் ஒரு முக்கியமான செய்தியைப் பதிவு செய்கிறார். ஆசிரியர் பல இடங்களிலிருந்து அரசாங்கக் கடிதங்களையும் மற்றவர்களின் கடிதங்களையும் சேகரித்து வைத்திருப்பாராம். அந்தப் பலவகைக் கையெழுத்துகளைப் பிள்ளைகள் வாசித்துப் பழகுவார்களாம். சாதாரணக் கடிதம் எழுதுவதும், ஒப்பந்த வாசகம் அமைப்பதும், கதைகள் வாசிப்பதும், செய்யுள்களை மனப்பாடம் செய்வதும் பாடத்தில் இருந்தன.

இன்றைய கல்வியாளர்கள் 'உண்மையான கடிதங்களையும் படிவங்களையும் வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள்' என்று ஆசிரியர்களிடம் சொல்கிறார்கள். 1823ல் ஒரு கிராமத்து வாத்தியார், யாரும் சொல்லாமலேயே, கிடைத்த பழைய கடிதங்களைக் கட்டிவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்.

கிளிப்பிள்ளைப் பாடம்

காம்ப்பெல் பாராட்டியதோடு நிறுத்தவில்லை. கடுமையான குறையும் சொன்னார். பிள்ளைகள் ஏராளமான செய்யுள்களை அப்படியே ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருள் தெரிவதில்லை, கிளிக்குச் சொல்லித்தந்ததுபோல இருக்கிறது என்றார். பேசும் மொழி வேறு, பாடத்திலுள்ள செய்யுள் மொழி வேறு. இரண்டையும் இணைத்து யாரும் விளக்குவதில்லை. இலக்கணமும் சொல்லித்தரப்படுவதில்லை. அதனால் நண்பருக்கு எழுதும் சாதாரணக் கடிதத்தில்கூட வரிக்கு வரி பிழை இருக்கிறது என்பது அவர் கணிப்பு.

எதையும் தாழ்வாகவே பார்த்த வெள்ளைக்கார அதிகாரியின் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால், இதே காம்ப்பெல்தான் மணலில் எழுதும் சிக்கனத்தையும், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறையையும் மெச்சினார். பெல்லாரியில் கிட்டத்தட்ட பத்து லட்சம் மக்கள் இருந்தும் 533 பள்ளிகளில் 6,641 பிள்ளைகளே படிப்பதற்குக் காரணம் நாட்டில் பரவிவரும் வறுமை என்றும், இங்கிலாந்துத் துணி வந்து நெசவாளர் பிழைப்பைக் கெடுத்தது அந்த வறுமைக்கு ஒரு காரணம் என்றும் தன் அரசாங்கத்துக்கே எழுதினார்.

திண்ணையில் கற்பித்த நான்கு வகை எழுத்தையும் மறுபடி பார்த்தால் ஒன்று புரியும். செய்யுளாகட்டும், கணக்காகட்டும், கடிதமாகட்டும், முறியாகட்டும், எல்லாமே ஏற்கெனவே உள்ள வார்ப்பு. பிள்ளை அந்த வார்ப்பில் ஊற்றக் கற்றுக்கொண்டான். தான் கண்டதை, தான் நினைத்ததை, தன் சொல்லில் எழுத அங்கே இடமே இல்லை. உலகத்துக்குப் பயன்படும் எழுத்து கிடைத்தது. தனக்கான எழுத்து கிடைக்கவில்லை.

திண்ணைக்கு ஏற முடியாதவர்கள்

மன்றோ 1826 மார்ச்சில் தொகுத்த கணக்கின்படி, சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் கல்லூரிகளும் இருந்தன. 1,88,650 பேர் படித்தனர். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பள்ளியில் இருந்ததாகவும், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்றும் அவர் கணித்தார்.

காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983ல் புத்தகமாக வெளியிட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பான்மையினர் பிராமணர் அல்லாத சாதிப் பிள்ளைகள் என்பது பலருக்கு வியப்பளித்தது. படிப்பு ஒரே சாதியின் கையில் மட்டுமே இருந்தது என்ற பொதுக் கருத்தோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகவில்லை.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. படித்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ, பிறர் வீட்டுத் திண்ணை என்பதே ஏற முடியாத உயரம். வீதியில் நடக்கவே தடை இருந்த ஊரில், அந்த வீதியின் திண்ணையில் உட்கார்ந்து எப்படிப் படிப்பது?

திண்ணையில் கற்பித்தது வெறும் செய்யுள் மட்டுமாக இருந்திருந்தால் இந்த விலக்கின் வலி குறைவாக இருந்திருக்கலாம். அங்கே கற்பித்தது கடன் பத்திரமும் நெல் கணக்கும்! களத்தில் நெல்லை அளந்து கூலி வாங்குபவருக்கு அந்தக் கணக்கு ஓலையை வாசிக்கத் தெரியாது. கடன் வாங்கியவருக்குத் தான் எவ்வளவு வாங்கியதாக முறியில் எழுதியிருக்கிறது என்று தெரியாது. எழுதியவரும் வாசித்துக் காட்டியவரும் ஒரே பக்கத்து ஆட்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு இருந்த செல்வாக்கும், அவரைப் பற்றி வழங்கும் கசப்பான பழமொழிகளும் இங்கிருந்து வந்தவைதான்.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

இதற்கிடையில் திண்ணை மணல் கடல் கடந்த கதையும் சுவையானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒருநாள் அவர் ஒரு திண்ணைப் பள்ளியைக் கடந்து போகும்போது பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் விடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே வாத்தியாராக்கிச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்து சொல்லித்தர வைத்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைதான் அது!

1797ல் லண்டனில் அவர் இந்த அனுபவத்தை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற பள்ளிகளை நடத்தினார். அங்கும் பிள்ளைகள் மணல் நிரப்பிய மேசையில் எழுதினார்கள்.

ஆனால் திண்ணையிலிருந்து மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்ட பெல், கடிதத்தையும் கணக்கையும் முறியையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1805ல் வெளிவந்த பதிப்பில், ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதவும் கணக்குப் போடவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே அவர் கருத்துத் தெரிவித்தார். வேதாகமத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும். அதிகம் படித்தால் உழைக்க மாட்டார்கள் என்ற பயம் அன்றைய இங்கிலாந்தின் மேல்தட்டில் இருந்தது.

நம் ஊரில் சாதியின் பெயரால் மறுத்ததை, அங்கே வர்க்கத்தின் பெயரால் மறுத்தார்கள். இரண்டு இடத்திலும் மறுக்கப்பட்டது எழுத்துதான். வாசிப்பவன் சொன்னதைக் கேட்பான். எழுதுபவன் பதில் சொல்லத் தொடங்கிவிடுவான்!

அச்சுப் புத்தகமும் இன்ஸ்பெக்டரும்

மன்றோ, திண்ணை ஆசிரியர்களின் மாத வருமானம் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்பதைக் கண்டு, மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் அரசுப் பள்ளிகள் வைக்கத் திட்டமிட்டார். 1827ல் காலராவில் இறந்துபோனார். அந்தத் தாலுகாப் பள்ளிகளும் 1836ல் மூடப்பட்டன.

அதன்பிறகு மாற்றம் வேறு வழிகளில் வந்தது. ஒரு பக்கம் அச்சு. யாழ்ப்பாணத்தில் 1848ல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கென்று பாலபாட நூல்களை எளிய உரைநடையில் எழுதி அச்சிட்டார். கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் புத்தகங்களும் உரைநடையில்தான் இருந்தன. செய்யுளை மட்டுமே பாடமாகக் கண்ட பிள்ளைகள், முதன்முதலாக உரைநடையைப் பாடமாகப் பார்த்தார்கள். 'வியாசம்' என்று அன்று அழைக்கப்பட்ட கட்டுரை பள்ளிக்குள் நுழைந்த வழி இதுதான்.

மறுபக்கம் அரசாங்கப் பரிசோதனை. 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் 'ரிசல்ட் கிராண்ட்' முறை வேரூன்றியது. இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், தான் சொல்வதை எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்ப ஆசிரியருக்குப் பணம். பல திண்ணை ஆசிரியர்களும் இந்த மானியத்துக்காகப் புதிய முறைக்கு மாறினார்கள்.

இதில் நன்மையும் உண்டு. புள்ளி வைத்த அச்செழுத்து வந்தது. சொல்லைச் சொல்லாக, பிழையில்லாமல் எழுதும் பழக்கம் வந்தது. காம்ப்பெல் சொன்ன குறை ஓரளவு தீர்ந்தது. கொள்கையளவிலாவது பள்ளி எல்லோருக்கும் பொது என்றானது. 1894ல் கர்னல் ஆல்காட் அடையாறில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். திண்ணையில் ஏற முடியாதவர்கள் வகுப்பறைக்குள் வரத் தொடங்கினார்கள்.

பத்திரம் எங்கே போனது?

ஆனால் அவர்கள் உள்ளே வந்த நேரத்தில் முறியும் கணக்கும் மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தன!

முத்திரைத்தாள் வந்தது, பதிவுச் சட்டம் வந்தது, நீதிமன்ற வாசகம் வந்தது. பத்திரம் எழுதுவது தனித் தொழிலாகிவிட்டது. வகுப்பறையில் மிஞ்சியவை சொல்வதை எழுதுதல், பார்த்து எழுதுதல், கட்டுரை, மாதிரிக் கடிதம். பள்ளிக்குப் போன பிள்ளைக்கு எழுத்து தெரிந்தது, ஆனால் தன் அப்பா கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. இன்றும் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர்களும், கலெக்டர் அலுவலக மரத்தடியில் மனு எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வரிசையில் நிற்பவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் உண்டு.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் காட்டியது. புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் பல்லாயிரம் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். பலர் முதலில் ஆசைப்பட்டது தங்கள் பெயரைத் தாங்களே எழுத. அடுத்து, குடிதண்ணீர், சாலை, பட்டா கேட்டு மனுவில் தங்கள் கையால் ஒப்பமிட. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வருவது அவர்களுக்கு மானப் பிரச்சினையாக இருந்தது.

இரண்டும் வேண்டும்

2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்பு தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது பரவியது. அதில் ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. வகுப்பறைச் சுவர்களின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கு ஓர் இடமாகக் கரும்பலகை வண்ணம் பூசினார்கள். பிள்ளை எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். மணலுக்குப் பிறகு, தவறு செய்யப் பயப்படாத ஓர் இடம் குழந்தைக்கு மீண்டும் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம். 2022ல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட திட்டத்தின் பெயரே 'எண்ணும் எழுத்தும்'. திண்ணையும் இந்த இரண்டையும்தான் கற்பித்தது.

திட்டங்கள் மாறலாம், பெயர்கள் மாறலாம். ஒரு குழந்தைக்கு எந்த வகை எழுத்தைச் சொல்லித்தருகிறோம் என்பது, நாளை அது எங்கே நிற்கப்போகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. திண்ணை, உலகத்தோடு கணக்குத் தீர்க்கும் எழுத்தைக் கொடுத்தது. ஆனால் சிலருக்கு மட்டும் கொடுத்தது, சொந்தச் சொல்லைக் கொடுக்கவே இல்லை. பின்னால் வந்த பள்ளி எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ஆனால் கையில் கொடுத்தது பெரும்பாலும் பார்த்து எழுதும் கட்டுரையை.

ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை தன் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சிக்கு நாலு வரி எழுதலாம். கடை ரசீதைக் கூட்டிப் பார்த்துத் தவறு சொல்லலாம். ஊரிலிருக்கும் பாட்டிக்கு உண்மையான செய்தியோடு, உண்மையான தபால் தலை ஒட்டி ஒரு கடிதம் எழுதலாம். நேற்று மழையில் நனைந்ததைத் தன் வார்த்தையில் எழுதலாம். முதல் மூன்றையும் திண்ணை வாத்தியார் புரிந்துகொள்வார். நாலாவதைப் பார்த்துக் கொஞ்சம் விழிப்பார்!

ஐந்து வயதில் மணலில் விரல் வைத்தபோது எந்தப் பிள்ளைக்கும் தான் என்ன எழுதப்போகிறோம் என்று தெரிந்திருக்காது. அதை முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். இன்றும் அப்படித்தான்.